வரி சட்டத்தில், கட்டணக் கழிவு பட்ஜெட்டில், ஓய்வு வழிகாட்டியில்: சிங்கப்பூரின் கரிம வரியும் வெயிலில் நிற்பவர்களும்

2024 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் இரண்டு வரிகள் ஒரே நாளில் ஏறின. கரிம வரி, அதாவது ஆலைகள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களுக்கான வரி, டன்னுக்கு 5 வெள்ளியிலிருந்து 25 வெள்ளியானது. பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அதற்கு ஏறத்தாழ பத்து வாரம் முன்பு, 2023 அக்டோபர் 24 அன்று, வெளிப்புறத்தில் வேலை செய்வோரை வெப்பத்திலிருந்து காக்கும் புதிய நடவடிக்கைகளை மனிதவள அமைச்சு அறிவித்தது. முதலிரண்டும் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்குப் போயின. மூன்றாவது, கட்டுமானத் தளங்களின் அறிவிப்புப் பலகைக்குப் போனது.

பருவநிலைச் சட்டம் ஏழைகளுக்கு நியாயமாக இருக்கிறதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு மின்கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. அது பாதிக் கேள்விதான். வெப்பம் கட்டணச் சீட்டிலும் வரும், உடம்பிலும் ஏறும். இந்த ஆய்வு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. எந்தப் பாதுகாப்பு சட்டத்தின் எழுத்தில் இருக்கிறது, எது ஆண்டுக்கொருமுறை பட்ஜெட்டில் முடிவாகிறது, எது மேற்பார்வையாளரின் கையில் விடப்பட்டிருக்கிறது என்பதே இதன் மையக் கேள்வி.

சட்டத்தின் அமைப்பு

பிரிட்டனில் 2008 முதல் இருப்பதுபோல, உமிழ்வு இலக்கையும் அதைக் கண்காணிக்கும் சுதந்திரக் குழுவையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கும் பருவநிலைச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளியிடுவதும் ஈடுகட்டுவதும் சமம்), 2030-ல் ஆண்டு உமிழ்வு 6 கோடி டன், 2035-ல் 4.5 முதல் 5 கோடி டன் என்ற இலக்குகள் ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் அளித்த உறுதிமொழிகளாக நிற்கின்றன. 2021 பிப்ரவரி 1 அன்று பருவநிலை மாற்றம் உலகளாவிய நெருக்கடி என்று நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தால் யாருக்கும் சட்டக் கடமை உண்டாவதில்லை.

கடமையை உண்டாக்குவது கரிம விலைச் சட்டம். 2018 மார்ச்சில் நிறைவேறி, 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கரிம வரி இதுதான். ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் பசுங்குடில் வாயுக்களை வெளியிடும் ஆலைகள் வரி கட்ட வேண்டும். 2,000 டன்னைத் தாண்டினால் கணக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வரி கட்டுவோர் சுமார் 50 ஆலைகள்தான். சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயன ஆலைகள், மின் நிலையங்கள் எல்லாம் அதில் அடக்கம் என்பதால் நாட்டின் உமிழ்வில் பெரும்பங்கு இந்த வலைக்குள் வந்துவிடுகிறது. கண்காணிப்புத் திட்டம், சரிபார்க்கப்பட்ட உமிழ்வு அறிக்கை, அதன்பின் உமிழ்வுக்குச் சமமான கரிம வரவுகளை நிர்ணய விலையில் வாங்கி ஒப்படைத்தல் என ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு. நிர்வாகம் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு.

2022 நவம்பரில் வந்த திருத்தம் வருங்கால விகிதங்களையும் உறுதி செய்தது: 2024, 2025-ல் 25 வெள்ளி, 2026, 2027-ல் 45 வெள்ளி. 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி என்பது அரசாங்கத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதே திருத்தம் ஆலைகளுக்கு இரண்டு நிவாரணங்களையும் தந்தது. அனைத்துலகப் போட்டிக்கு ஆளாகும் தொழில்கள் தங்கள் உமிழ்வின் ஒரு பகுதிக்கு, திறன் அளவுகோலின்படி, மாற்றுக்கால ஒதுக்கீடு என்ற வரிச் சலுகை பெறலாம். வரிக்குரிய உமிழ்வில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கரிம வரவுகளால் (பிற நாட்டு உமிழ்வுக் குறைப்புத் திட்டங்களிலிருந்து வாங்குபவை) ஈடுகட்டலாம்.

நியாயம் குறித்து யோசிப்பவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு விலை ஏறும் என்று தெரிந்தபோது, அதைத் தணிக்கும் வழிக்குச் சட்டத் திருத்தத்திலேயே இடம் கிடைத்தது. குடும்பங்களுக்கு விலை ஏறும் என்று தெரிந்தபோது, அதைத் தணிக்கும் கூடுதல் உதவி பட்ஜெட் உரையில் இடம்பெற்றது. பணம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் முன்னது சட்டத்தைத் திருத்தினால்தான் போகும். பின்னது அடுத்த பட்ஜெட்டில் சொல்லாமல் விட்டாலே போய்விடும்.

கட்டணச் சீட்டில் எவ்வளவு?

இந்தக் கணக்கை யாரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரிமவாயு வெளியேறுகிறது. டன்னுக்கு 25 வெள்ளி வரி என்றால் யூனிட்டுக்கு 1 காசு. 45 வெள்ளி என்றால் 1.8 காசு. 80 வெள்ளியானால் 3.2 காசு. மின் நிலையம் கட்டும் வரி முழுவதும் பயனீட்டாளர் மேல் வந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. இதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும்.

மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் நான்கறை வீட்டுக்கு, 25 வெள்ளி விகிதத்தில் மாதம் 4 வெள்ளி வரும். 2022 பட்ஜெட்டில் அரசாங்கம் சொன்ன சராசரி ஏற்றமும் அதே 4 வெள்ளிதான். 45 வெள்ளி விகிதத்தில் மாதம் 7 வெள்ளி 20 காசு, ஆண்டுக்கு 86 வெள்ளி 40 காசு. 80 வெள்ளியானால் ஆண்டுக்கு 154 வெள்ளியை நெருங்கும்.

எதிர்ப்பக்கத்தில் யு-சேவ் என்ற அரசாங்கக் கட்டணக் கழிவு இருக்கிறது. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தின்கீழ் வழக்கமான தொகை ஓரறை, ஈரறை வீடுகளுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளி, மூவறைக்கு 340, நான்கறைக்கு 300, ஐந்தறைக்கு 260, எக்ஸிகியூட்டிவ் வீடுகளுக்கு 220. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என நான்கு தவணை. 2024 நிதியாண்டில் இது இரண்டரை மடங்கானது; ஓரறை, ஈரறை வீடுகளுக்கு 950 வெள்ளி வரை கிடைத்தது. அடுத்த நிதியாண்டில் இரண்டு மடங்கு. பணமாகக் கையில் வராது. கட்டணம் வசூலிக்கும் எஸ்பி நிறுவனக் கணக்கில் வரவாகும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் கழியும். மீந்தது அடுத்த மாதத்துக்குப் போகும்.

ஈரறை வாடகை வீட்டில் நால்வர் மாதம் 200 யூனிட் பயன்படுத்தினால், 45 வெள்ளி விகிதத்தில் கரிம வரியின் பங்கு ஆண்டுக்கு 43 வெள்ளி சொச்சம். கழிவோ 380. ஆகவே இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் குடிமக்கள் குடும்பத்துக்கு, கரிம வரி என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்தால், ஈடு போதுமானது, போதுமானதற்கும் மேலானது. சிறிய வீட்டுக்கு அதிகம், பெரிய வீட்டுக்குக் குறைவு, தனியார் வீட்டுக்கு இல்லை என்ற வரிசையும் சரியானது. குளிர்சாதனம் மூன்று அறையிலும் ஓடும் தனியார் வீடு வரியை முழுதாகச் சுமக்கிறது. பல நாடுகளில் கார்பன் வரி ஏழைகள் மேல் பாரமாக விழுந்து, தெருவில் எதிர்ப்பாக வெடித்திருக்கிறது. இங்கே அந்தத் தவறு நேரவில்லை.

குறை இருப்பது வேறு இடங்களில். முதலாவது, கழிவு வீட்டைக் கணக்கெடுக்கிறது, ஆளைக் கணக்கெடுப்பதில்லை. ஒரே ஈரறையில் தனியாக வாழும் முதியவருக்கும், பிள்ளைகளோடு ஆறு பேராக வாழும் குடும்பத்துக்கும் ஒரே தொகை. இரண்டாவது, அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தவரின் நிலை. கணக்கு வீட்டுக்காரர் பேரில் இருக்கும். கழிவும் அங்கேதான் போகும். 'யுடிலிட்டீஸ் தனி' என்று பேசி அறை எடுத்தவர் கட்டணத்தில் பங்கைக் கொடுப்பார், கழிவில் பங்கு கேட்கும் வழக்கம் இல்லை. மூன்றாவது, குடியுரிமை. வீட்டில் ஒரு குடிமகனாவது உரிமையாளராகவோ குடியிருப்பவராகவோ இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சொத்தும் இருக்கக்கூடாது. வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்திருக்கும் நிரந்தரவாசிக் குடும்பமோ வேலை அனுமதியில் வந்த குடும்பமோ இதில் சேராது.

பருவநிலைப் பற்றுச்சீட்டிலும் இதே வடிவம்தான். 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் மேலும் 100. மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் சாதனங்கள் வாங்க 2027 இறுதிவரை பயன்படுத்தலாம். எல்இடி விளக்கும் குளியலறைக் குழாய்த் தலையும் வாங்க இது தாராளம். ஆனால் ஓரறை வாடகை வீட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது யாரோ கொடுத்த பழைய குளிர்பதனப் பெட்டி. புதிதாக வாங்கினால் பற்றுச்சீட்டு போக மீதியைக் கைக்காசிலிருந்து போட வேண்டும். மாதம் பிறந்தால் காம்கேர் என்ற அரசாங்க நிதி உதவியை எதிர்பார்க்கும் வீட்டில் அந்த மீதிதான் மலை. அக்கம்பக்கத்து முதியவர்களுக்கு உதவுகிறவர்கள், அந்தப் பற்றுச்சீட்டில் முதலில் விளக்குகளையும் நேர்மின் மின்விசிறியையும் மாற்றச் சொல்லலாம். மீதி போடத் தேவையில்லாமலே கட்டணம் குறையும்.

வெயிலில் நிற்பவருக்கு

புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர், ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊழியருக்கு யு-சேவ் கழிவால் ஆவது ஒன்றுமில்லை. அவர் பெயரில் மின்கணக்கே கிடையாது. பருவநிலை அவரைத் தொடுவது காலை எட்டு மணிக்கு மேல், கம்பி கட்டும் தளத்தில்.

2024 ஜனவரியில் வெளிவந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, நூற்றாண்டு இறுதிக்குள் சராசரி வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரை கூடலாம் என்கிறது. 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 21 என்ற பழைய சராசரியிலிருந்து 41 முதல் 351 வரை போகலாம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் பதிவான 37 டிகிரி, 1983-ல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டது. ஆனால் வேலைத்தளத்தில் முடிவெடுக்க இந்த எண்கள் உதவாது. அங்கே பார்க்க வேண்டிய எண் டபிள்யூபிஜிடி (WBGT) என்ற வெப்பச் சுமை அளவு.

மூன்று அளவுகளைச் சேர்த்து வரும் எண் அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 0.7 பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 0.2 பங்கு, சாதாரணக் காற்று வெப்பத்தில் 0.1 பங்கு. ஈரத்துக்கு இவ்வளவு பங்கு இருப்பது ஏன் என்று புரிந்துகொண்டால் பல தவறுகள் தானாக நீங்கும். உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் ஒரு நண்பகல்: ஈர வெப்பமானி 28.5, கோளம் 45, காற்று 33. கூட்டினால் 32.25. ஊரில் ஒரு வறண்ட நண்பகல்: ஈர வெப்பமானி 26, கோளம் 48, காற்று 38. கூட்டினால் 31.6. காற்று ஐந்து டிகிரி கூடுதல், உடம்பின் பாரமோ குறைவு. "ஊர் வெயிலைப் பார்த்தவர்தானே, இது என்ன பெரிது" என்று தளத்தில் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த இரண்டு கணக்கு போதும். புதிதாக வந்தவரையும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவரையும் குறைந்தது ஏழு நாளில் படிப்படியாக வேலைப் பளுவைக் கூட்டிப் பழக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் இருக்கிறது. நடைமுறையில் இந்த விதிதான் முதலில் விடுபடுகிறது. வேலை பெர்மிட்டுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்கும்போது, முதல் வாரத்தில் அரை வேலை என்பதை எந்தக் குத்தகையாளரும் மனமுவந்து ஏற்பதில்லை.

அமைச்சின் நடவடிக்கைகள் இப்படிப் போகின்றன. கடும் உடலுழைப்பு நடக்கும் வெளிப்புறத் தளத்தில் மணிக்கொருமுறை டபிள்யூபிஜிடி பார்க்க வேண்டும். 32 டிகிரியைத் தொட்டால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். மணிக்கொருமுறையாவது தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 300 மில்லிலிட்டர். ஒப்பந்தத் தொகை 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கட்டுமானத் தளங்கள், கப்பல் பட்டறைகள், ரசாயனம் முதலான செயல்முறை ஆலைகள் தங்கள் இடத்திலேயே கருவி வைத்து அளக்க வேண்டும். மற்றவர்கள் அரசாங்கத்தின் மைஎன்வி செயலியில் அருகிலிருக்கும் நிலையத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

எண்களும் படிகளும் தெளிவாக இருக்கின்றன. அமைச்சைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தளத்தில் இது எங்கெங்கே நழுவுகிறது?

கருவியை வைக்கும் இடத்தில் தொடங்குவோம். மேலே சொன்ன அதே நண்பகலில், கருவியைத் தள அலுவலகக் கொள்கலனின் நிழலில் வைத்தால் கோளம் 45-க்குப் பதில் 34 காட்டும். ஈரமும் காற்றும் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 30.05-க்கு இறங்கிவிடும். இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். வெயிலில் வைத்தால் ஓய்வு உண்டு, நிழலில் வைத்தால் இல்லை. இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதே இல்லை. கருவி விலை அதிகம், மழை பட்டுக் கெட்டுவிடக்கூடாது என்று பாதுகாப்பாக உள்ளே வைப்பவர்தான் அதிகம். முக்காலியில், இடுப்பு முதல் நெஞ்சு உயரத்தில், ஆட்கள் வேலை செய்யும் அதே வெயிலில் வைக்க வேண்டும். ஈரத்துணித் திரி காய்ந்து போயிருந்தால் அளவே தவறு. காலையிலும் மதியமும் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். கான்கிரீட் தளமும் கம்பி விரிப்பும் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும் இடத்தில் ஒரு வாசிப்பு தனியாக எடுப்பது நல்லது.

அடுத்தது, தண்ணீரும் கழிப்பறையும். இருபதாவது மாடியில் வேலை செய்பவருக்குக் கழிப்பறை தரைத்தளத்தில் என்றால், அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். ஏறி இறங்கப் பதினைந்து நிமிடம் ஆகும், சூப்பர்வைசர் எங்கே போனாய் என்பார். வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "தண்ணீர் குடியுங்கள்" என்று நூறு முறை சொன்னாலும் இது மாறாது. சில மாடிகளுக்கு ஒன்று என நகர்த்தக்கூடிய கழிப்பறை வைத்தால்தான் மாறும். வெப்ப நடவடிக்கைக்குச் செய்யும் செலவில் மிகுந்த பலன் தருவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

மூன்றாவது, நேரம் யாருடையது என்ற கேள்வி. முப்பது பேர் கொண்ட குழு, நாளில் நான்கு மணி நேரம் 32 டிகிரிக்கு மேல் என்றால், ஆளுக்கு 40 நிமிடம், மொத்தம் 20 ஆள்மணி. 33-க்கு மேல் என்றால் 30 ஆள்மணி. ஆறு மாதத் திட்டத்தில் இது சிறிய தொகையன்று. குத்தகை ஒப்பந்தத்தில் இந்த மணிகள் கணக்கில் இல்லாவிட்டால், முதன்மைக் குத்தகையாளர் துணைக் குத்தகையாளர் தலையிலும், அவர் சூப்பர்வைசர் தலையிலும், அவர் ஊழியர் முதுகிலும் இறக்கி வைப்பார்கள். மாலை ஓ.டி.யில் ஈடுகட்டச் சொல்வார்கள். தாளில் ஓய்வு இருக்கும். நாளின் மொத்த உழைப்பு குறைந்திருக்காது.

வேலையைக் குளிர்ந்த நேரத்துக்கு மாற்றலாமே என்பது சரியான யோசனை. விடியலில் கான்கிரீட் ஊற்றலாம். ஆனால் குடியிருப்புக்கு அருகில் இரவு நேர ஒலி வரம்பு கடுமையானது. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் வேலைக்குத் தடையும் உண்டு. அந்தத் தடையைப் போட்டதும் சுற்றுப்புற நிர்வாகம்தான். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் உரிமைதான். ஒரு நல்ல விதி இன்னொரு நல்ல விதியை மறிக்கும் இந்த இடத்தில், ஒலி குறைந்த வேலைகளை (கம்பி கட்டுதல், அளவெடுத்தல், பலகை அடுக்குதல்) மட்டும் பிரித்து காலை ஏழு மணிக்கு முன்பு செய்ய ஏற்பாடு செய்வதே சாத்தியமான வழி.

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் ஒன்றைக் கேட்பதுண்டு: அங்கே கோடையில் மதிய வேலைக்குத் தடை இருக்கிறது, இங்கே ஏன் இல்லை? கத்தாரில் 2021 விதிப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை வெளிப்புற வேலைக்குத் தடை. அதோடு டபிள்யூபிஜிடி 32.1-ஐத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். இங்கே 33-ஐத் தாண்டினாலும் வேலை நிற்காது, ஓய்வுதான் கூடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கோடை என்று தனியாக இல்லாததால் பருவத் தடை பொருந்தாது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் ஓர் உச்ச வரம்பு வேண்டாம் என்பதற்கு அது வாதமாகாது.

இரவும் இதோடு சேர்ந்தது. பகலில் ஏறிய வெப்பம் இறங்க உடம்புக்கு ஒரு குளிர்ந்த இரவு வேண்டும். புதிய தங்குவிடுதித் தரத்தில் ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேருக்கு மேல் இல்லை, கட்டில்களுக்கிடையில் ஒரு மீட்டர் இடைவெளி. பழைய விடுதிகள் 2030-க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்காலத் தரத்தை எட்ட வேண்டும், 2040-க்குள் முழுத் தரத்தை. பெருந்தொற்று தந்த பாடத்தால் வந்த அளவுகள் இவை. அறையின் இரவு வெப்பத்துக்கென்று ஓர் அளவு இந்தப் பட்டியலில் சேர வேண்டும். 2040 என்பது, இன்று இருபத்தைந்து வயதில் வரும் ஊழியர் தன் உழைக்கும் காலத்தின் பெரும்பகுதியை முடித்துவிடும் ஆண்டு.

உணவு விநியோகம் செய்பவர்களையும், நகர மன்றத் துப்புரவாளர்களையும் ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள, செயலி வழி வேலை செய்வோருக்கான இணையத் தள ஊழியர் சட்டம் விபத்து இழப்பீட்டையும் மத்திய சேமநிதியையும் தந்திருக்கிறது. ஆனால் ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவருக்குப் பத்து நிமிட ஓய்வு என்பது பத்து நிமிட வருமானம். துப்புரவுப் பணியில் இருப்போர் பலர் முதியவர்கள். அவர்களுக்கு 32-க்கு முன்பே ஓய்வு தேவைப்படும்.

மூன்று வகை உறுதி

இப்போது மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆலை கட்ட வேண்டிய வரி எழுதப்பட்ட சட்டத்தில், எண்ணோடும் தேதியோடும் இருக்கிறது. குடும்பத்துக்குக் கிடைக்கும் கூடுதல் கழிவு ஆண்டு பட்ஜெட்டில் இருக்கிறது. மடங்கு ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஊழியருக்கான 10 நிமிடம் அமைச்சின் நடவடிக்கைகளில் இருக்கிறது. மீறினால் நடவடிக்கை, ஊழியரின் பாதுகாப்புக்கு நியாயமாக இயன்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பொதுக் கடமை வழியாக வர வேண்டும். யாருக்குப் பேரம் பேசும் வலு குறைவோ, அவர் பாதுகாப்பு அவ்வளவு நெகிழ்வான எழுத்தில் இருக்கிறது. இதுதான் இந்த ஆய்வில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய குறை. மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

சட்டத்தில் நியாயத்தை எண்ணாக எழுத முடியாது என்பார்கள். எழுதியிருக்கிறார்கள். பிலிப்பீன்ஸ் 2009 பருவநிலைச் சட்டத்தை 2012-ல் திருத்தி, உள்ளூர்ச் சமூகங்களின் தகவமைப்புக்குக் குறைந்தது நூறு கோடி பெசோ கொண்ட நிதியை உருவாக்கியது. கலிஃபோர்னியா 2012-ல், உமிழ்வு ஏல வருமானத்தில் கால் பங்கு பின்தங்கிய சமூகங்களுக்குப் பயன்பட வேண்டும் என்று சட்டமியற்றியது. சிங்கப்பூரே எழுதியிருக்கிறது. கரிம வரவு வாங்க பாப்புவா நியூ கினி, கானா போன்ற நாடுகளுடன் செய்துகொண்ட உடன்பாடுகளில், வரவுகளிலிருந்து வரும் தொகையில் 5 விழுக்காடு அந்த நாட்டின் பருவநிலைத் தகவமைப்புக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கானாவின் விவசாயிக்கு எண்ணோடு உறுதி எழுதத் தெரிந்த நாட்டுக்கு, சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில் கம்பி கட்டுபவருக்கு எழுதுவது அரிய வேலையன்று.

எழுத வேண்டியவை

கரிம விலைச் சட்டத்தில் ஒரு பிரிவு போதும்: விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும், ஓரறை முதல் தனியார் வீடு வரை ஒவ்வொரு வகைக்கும், கழிவு பெறாத குடும்பங்களுக்கும், கூடும் செலவு எவ்வளவு, ஈடு எவ்வளவு என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்கு வைக்க வேண்டும். 2018-ல் இதன் முன்மாதிரி இருந்தது. வரி அறிமுகமானபோது 2019 முதல் 2021 வரை ஆண்டுக்கு 20 வெள்ளி கூடுதல் யு-சேவ், அது சராசரி ஏற்றத்தை ஈடுசெய்யும் என்ற விளக்கத்தோடு வந்தது. அந்த நேர்மையான கணக்கை நல்லெண்ணத்தில் விடாமல் கடமையாக்கினால் போதும்.

ஓய்வு நிமிடங்களை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் துணைவிதியாக எழுத வேண்டும். அதில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: 32, 33, வேலையை நிறுத்தும் ஒரு வரம்பு. கருவி வைக்க வேண்டிய இடமும் அதிலேயே வர வேண்டும். மணிக்கு ஒரு பதிவு என்று எழுதிய அளவுப் பதிவேடு தளத்தின் வாயிலில், தமிழ், வங்காளம், சீனம், ஆங்கிலம் நான்கிலும் தொங்க வேண்டும். தன் வேலை நேரத்தின் எண்ணை ஊழியரே பார்க்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பொதுத்துறை ஒப்பந்தங்களில் வெப்ப ஓய்வு மணிகளை விலைப்புள்ளியிலேயே தனி உருப்படியாகக் கேட்க வேண்டும். எல்லாக் குத்தகையாளரும் ஒரே அளவைப் போட்டுக் கேட்டால், ஓய்வு கொடுப்பவர் ஏலத்தில் தோற்க மாட்டார். அரசாங்கம் பெரிய கட்டுமான வாடிக்கையாளர் என்பதால், சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் இதைத் தொடங்கலாம்.

அதுவரை தளத்தில் இருப்பவர் செய்யக்கூடியது: மைஎன்வி செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் டபிள்யூபிஜிடி அளவை நேரத்தோடு படம் பிடித்து வைத்துக்கொள்வது. 32-க்கு மேல் ஓய்வு தரப்படவில்லை என்றால், தேதி, நேரம், தளத்தின் இடம், வேலையின் வகை நான்கையும் சேர்த்து அமைச்சின் ஸ்னாப்சேஃப் புகார்ச் சேவை வழியாக அனுப்பலாம். பொத்தாம்பொதுவாக "வெயில் அதிகம்" என்று எழுதும் புகாரில் ஆய்வாளருக்குப் பிடி கிடைப்பதில்லை. உடன் வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, சட்டையைத் தளர்த்தி, நிழலில் கிடத்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரமும் காற்றும் படும்படி உடனே குளிர்விக்க வேண்டும். கூடவே ஒருவர் 995-ஐ அழைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

45 வெள்ளி விகிதம் 2027-வரைக்கும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. 50-க்கும் 80-க்கும் இடையில் எந்த எண் என்று முடிவு செய்ய இந்தச் சட்டம் மீண்டும் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வரும்போது, மேலே சொன்ன கணக்குப் பிரிவைச் சேர்க்கும் வாய்ப்பும் சேர்ந்தே வரும். துணைவிதிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு அமைச்சரின் கையெழுத்தும் அரசிதழில் ஓர் அறிவிப்பும் போதும்.